1850-க்கு முந்தைய அமெரிக்க மூதாதை: சென்சஸா, வரிப் பட்டியலா, நிலப் பத்திரமா?

அமெரிக்கக் குடும்பம் ஒன்றின் வேரைத் தேடுபவர் முதலில் கையில் எடுப்பது சென்சஸ் தாள்களைத்தான். 1950-லிருந்து பத்துப் பத்து ஆண்டாகப் பின்னோக்கிப் போனால் 1850 வரை வண்டி ஓடும். இடையில் 1890 மட்டும் பெரும் பள்ளம். 1921 ஜனவரியில் வாஷிங்டனில் வணிகத் துறைக் கட்டடத்தில் பிடித்த தீயும், அதை அணைக்க அடித்த தண்ணீரும் அந்த ஆண்டின் கட்டுகளைப் பாழாக்கிவிட்டன. 1850-ஐத் தாண்டியதும் சக்கரம் மண்ணில் புதையும். 1790 முதல் 1840 வரை எடுத்த ஆறு சென்சஸிலும் வீட்டுத் தலைவரின் பெயர் ஒன்றுதான் இருக்கும். மனைவி, மக்கள், மாமியார் எல்லாரும் வயதுக் கட்டங்களுக்குள் வெறும் எண்ணிக்கை.

அங்கே கைகொடுக்க இன்னும் இரண்டு ஆவணங்கள் உண்டு: ஆண்டுதோறும் எழுதிய வரிப் பட்டியல், கவுண்டி (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பிரிவு) அலுவலகத்தில் பதிவான நிலப் பத்திரம். மூன்றையும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எதை முதலில் தோண்டுவது என்பதில்தான் மாதக்கணக்கில் நேரம் மிச்சமாவதும் வீணாவதும். 1782-க்கும் 1850-க்கும் இடையே வர்ஜீனியா, கென்டக்கி, பென்சில்வேனியா பக்கம் தேடுபவர் வரிப் பட்டியலில் தொடங்குவதே மேல். அப்பன் யார், மகன் யார் என்று சொல்ல வைப்பதற்குப் பத்திரம். அந்தக் காலத்துச் சென்சஸ் இரண்டையும் உரசிப் பார்க்கும் கல், அவ்வளவுதான்.

சென்சஸ்: எளிது, ஆனால் மெலிது

1790 படிவத்தில் வெள்ளையர் ஆண்களுக்கு இரண்டே கட்டம்: 16-ம் அதற்கு மேலும், 16-க்குக் கீழ். பெண்களுக்கு ஒரே கட்டம். 1800, 1810-ல் வயது ஐந்து பிரிவானது: 10-க்குள், 10–16, 16–26, 26–45, 45-க்கு மேல். 1830-லிருந்து 20 வயது வரை ஐந்தைந்து ஆண்டு, அப்புறம் பத்துப் பத்து. கட்டங்கள் அகலமானவை என்றாலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் இடைவெளி சுருங்கும். ஜான் மில்லர் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம் (பெயர் கற்பனை). 1810-ல் 26–45 கட்டத்தில் இருந்தால் பிறப்பு 1765–1784. 1820-லும் அதே கட்டம் என்றால் 1775–1794. 1830-ல் 50–60 என்றால் 1770–1780. மூன்றுக்கும் பொதுவாக மிஞ்சுவது 1775–1780. சென்சஸை மட்டும் வைத்து இதற்குமேல் நெருங்க முடியாது.

சறுக்கும் இடங்கள் மூன்று. 1820 படிவத்தில் 16–18 வயது ஆண்களுக்குத் தனிக் கட்டம் உண்டு. அவர்களே 16–26 கட்டத்திலும் எண்ணப்பட்டிருப்பார்கள். இரண்டையும் கூட்டினால் இல்லாத மகன் ஒருவன் பிறந்துவிடுவான். அடுத்து, 1830, 1840 படிவங்கள் இரண்டு பக்கம் நீளும். வலப்பக்கத்தைப் புரட்டாமல் விட்டவர் பாதி வீட்டைத்தான் பார்த்தவர். மூன்றாவது, கணக்கெடுத்தவர் நல்லெண்ணத்தில் பெயர்களை அகர வரிசைப்படுத்திப் படி எடுத்திருந்தால், அடுத்தடுத்த வரி அடுத்தடுத்த வீடு என்ற நம்பிக்கையே போச்சு. கட்டத்துக்குள் இருக்கும் சிறுவன் மகன்தான் என்றும் எழுதிவிடக் கூடாது. தொழில் பழக வந்தவனாக, அண்ணன் மகனாக இருக்கலாம். வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்று சென்சஸ் கேட்கத் தொடங்கியதே 1880-ல்தான்.

தாளே இல்லாத இடங்களும் உண்டு. வர்ஜீனியாவுக்கு 1790, 1800 இரண்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. கென்டக்கிக்கும் டென்னசிக்கும் அதே கதி. டென்னசிக்கு 1810-ம் ஓரிரு கவுண்டி நீங்கலாகப் போய்விட்டது. வர்ஜீனியாவின் ‘1790 சென்சஸ்’ என்று குடும்ப மரங்களில் மேற்கோள் காட்டுவது, 1782–1785 காலத்து மாநிலக் கணக்குகளையும் வரிப் பட்டியல்களையும் கொண்டு 1908-ல் அச்சிட்ட மாற்றுப் புத்தகம். அதில் பெயர் இருந்தால் 1790-ல் ஆள் உயிரோடு இருந்தார் என்று ஆகாது.

வரிப் பட்டியல்: சலிப்பான தாள், சத்தான தாள்

பெயர், ஆள் எண்ணிக்கை, குதிரை எண்ணிக்கை, தொகை. ஒரு பக்கம் பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். இருபது ஆண்டுப் பக்கங்களை வரிசையாக வைத்தால்தான் அது பேசும். வர்ஜீனியாவில் தனிச்சொத்து வரி, நில வரி என இரண்டு பட்டியல்கள் 1782-ல் தொடங்குகின்றன. ரிச்மண்டில் வர்ஜீனியா நூலகத்தில் இருக்கின்றன. தனிச்சொத்து வரிப் பட்டியல் 1808-க்குக் கிடையாது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் பெயர் காணோம் என்றால் பதற வேண்டாம்.

மில்லரிடமே வருவோம். அப்பா என்று சந்தேகப்படும் ஹென்றி மில்லர் பெயரில் 1792 வரை 16-க்கு மேற்பட்ட வெள்ளை ஆண் 1. 1793-ல் அது 2 ஆகிறது: வீட்டில் ஒரு பையனுக்கு 16 நிறைந்திருக்கிறது. 1798-ல் ஜான் மில்லர் தன் பெயரில் ஒரு ஆள், ஒரு குதிரையோடு புதிதாக வருகிறார். ஹென்றியின் எண்ணிக்கை மறுபடி 1 ஆகிறது. 21 நிறைந்து தனியே வரி கட்டத் தொடங்கியிருக்கிறார். அதாவது 1777-ஐ ஒட்டிய பிறப்பு. சென்சஸ் தந்த 1775–1780 இடைவெளிக்குள் பொருந்துகிறது. இது தந்தை–மகன் உறவுக்குச் சாட்சி ஆகாது, வலுவான ஊகம் மட்டுமே. ஆனாலும் எந்தப் பத்திரத்தைத் தேட வேண்டும் என்று இது காட்டிவிட்டது.

பட்டியலில் வரி அதிகாரி வந்து போன தேதி இருந்தால் அதை விடாதீர்கள். வர்ஜீனியாவில் பல பட்டியல்கள் பெயரின் முதல் எழுத்துப்படி பிரித்தவை; அதனால் அக்கம்பக்கம் தெரியாது. தேதியை வைத்து மறுபடி அடுக்கினால், ஒரே நாளில் கணக்குக் கொடுத்த ஆறேழு பேர் ஒரே ஓடைக் கரைக்காரர்கள் என்று தெரியும். பெண் கொடுத்து எடுத்த வீடுகள் பெரும்பாலும் அந்த ஆறேழுக்குள்தான் இருக்கும்.

பென்சில்வேனியாவில் மணமாகாத, 21 வயதுக்கு மேற்பட்ட ஆண்களைத் தனியே பட்டியலிட்டார்கள். ஊர்த் திருவிழாவில் கல்யாணம் ஆனதும் தனித் தலைக்கட்டாகக் கணக்கெடுப்பது போலத்தான்: தனியாள் பட்டியலிலிருந்து ஒருவர் பெயர் பொதுப் பட்டியலுக்கு மாறிய ஆண்டு, திருமணப் பதிவே இல்லாத ஊரில் திருமண ஆண்டுக்கு மிக நெருக்கமான தடயம். 1798-ல் மத்திய அரசு போட்ட நேரடி வரிப் பட்டியல்கள் அங்கே பெருமளவு தப்பியிருக்கின்றன. வீட்டின் நீள அகலம், கல்லா மரமா, எத்தனை சன்னல் என்பது வரை இருக்கும். கென்டக்கிப் பட்டியலில் நிலம் எந்த ஓடைக்கரையில், முதலில் யார் பெயரில் பதிந்து அளந்து பட்டா வாங்கியது என்று தனித்தனிப் பத்தி உண்டு. அதுவே பாதித் தாய்ப்பத்திரம்.

பெயர் மறைந்தால் ஆள் செத்தார் என்று எழுதிவிடுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. முதுமைக்கும் உடல்நலக் குறைவுக்கும் கவுண்டி நீதிமன்றம் ஆள் வரியிலிருந்து விலக்குக் கொடுக்கும். கென்டக்கிக்கோ ஒஹையோவுக்கோ குடிபெயர்ந்திருக்கலாம். கவுண்டியே பிரிந்திருக்கலாம்: வர்ஜீனியாவின் இன்றைய கரோல் கவுண்டியின் பெரும்பகுதி 1777–1790-ல் மான்ட்கோமரி, 1793 வரை வைத், 1842 வரை கிரேசன். அங்கே உட்கார்ந்த இடத்தை விட்டு நகராத குடும்பம் நான்கு கவுண்டியின் பட்டியலில் இருக்கும். அதே இடத்தில் அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் பெயர் வந்தாலோ, ‘எஸ்டேட்’ (இறந்தவர் விட்டுச்சென்ற சொத்து) என்று எழுதியிருந்தாலோ மட்டும் மரணம் என்று துணியலாம். நில வரிப் பட்டியலோ செத்தவர் பெயரையே பல ஆண்டு சுமக்கும்.

பத்திரம்: உறவைச் சொல்லும் ஒரே வாய்

மற்ற இரண்டும் எண்ணுகின்றன, பத்திரம் பேசுகிறது. ‘என் மகன் ஜானுக்கு, அன்பின் நிமித்தம்’ என்று எழுதியிருந்தால் வாதமே முடிந்தது. ஆனால் வர்ஜீனியாவில் அந்த வரி கிடைப்பது காலத்தைப் பொறுத்தது. 1787-க்கு முன் உயில் எழுதாமல் அப்பா இறந்தால் நிலம் முழுவதும் மூத்த மகனுக்குத் தானாகவே போகும். பத்திரம் எதுவும் பிறக்காது. 1785-ல் இயற்றி 1787 ஜனவரி 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு கொடுத்தது. அதன்பின் நிலத்தை விற்க வேண்டுமென்றால் அத்தனை வாரிசும், பெண்களின் கணவர்களும் கையெழுத்திட்டாக வேண்டும். அப்படி ஒரு வாரிசுப் பத்திரம் ஒரே தாளில் மொத்தக் குடும்பத்தையும் வரிசையாக நிறுத்திவிடும்.

தேடும் முறை இது. விற்றவர், வாங்கியவர் என்ற இரண்டு இன்டெக்ஸையும், ஆள் இறந்து 50 ஆண்டு கழியும் வரை பாருங்கள். பல ஆண்டு பெட்டியில் தூங்கிவிட்டுப் பதிவுக்கு வந்த பத்திரங்கள் ஏராளம். கிடைத்தவற்றை வரவு செலவுக் கணக்காக எழுதுங்கள். 100 ஏக்கர் வாங்கி 160 விற்றிருந்தால், பத்திரமில்லாமல் வந்த 60 ஏக்கர் பெரும்பாலும் பரம்பரை நிலம் அல்லது மனைவி வழி நிலம். நில வரிப் பட்டியலில் ஏக்கர் மாறும் ஆண்டோடு இந்தக் கணக்கை ஒப்பிட்டால், எந்த ஆண்டின் புத்தகத்தைப் புரட்ட வேண்டும் என்று தெரிந்துவிடும். 1814-லிருந்து வர்ஜீனிய நில வரிப் பட்டியல், நிலம் நீதிமன்றத்திலிருந்து எத்தனை மைல், எந்தத் திசை என்றும் சொல்கிறது.

எல்லை விவரத்தைத் தாளில் வரைந்து பாருங்கள். அளவு ‘போல்’ கணக்கில் இருக்கும்: 1 போல் 16.5 அடி, 4 போல் ஒரு சங்கிலி, 160 சதுர போல் ஒரு ஏக்கர். ‘வடக்கிலிருந்து 40 பாகை கிழக்கே 120 போல், வெள்ளை ஓக் மரம் வரை’ என்றால் 1,980 அடி. வரைந்த கோடு தொடங்கிய புள்ளியில் வந்து முட்டவில்லை என்றால், எழுத்தர் ஒரு வரியை விழுங்கியிருப்பார். ‘எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்’ என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: பத்திரப் புத்தகத்தில் இருப்பது எழுத்தர் எடுத்த படி, மூலமல்ல.

பொறிகளும் உண்டு. குடியேற்றக் கால வர்ஜீனியாவில் ஒரே விற்பனையை அடுத்தடுத்த இரு நாளில் இரண்டு பத்திரமாக எழுதுவார்கள்: முதல் நாள் 5 ஷில்லிங்குக்குக் குத்தகை, மறுநாள் உண்மை விலைக்கு விடுவிப்பு. முதலாவதை மட்டும் பார்த்து, இவ்வளவு மலிவா, உறவுக்காரராகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டியவர்கள் பலர். வாரிசுகள் ஒன்பது பேர் விற்றாலும் இன்டெக்ஸில் முதல் பெயர் மட்டும், ‘மற்றும் பிறர்’ என்ற ஒட்டோடு இருக்கும். கடனுக்காக ஏலம் போன நிலம் ஷெரிஃப் பெயரின் கீழ் ஒளிந்திருக்கும். கனெக்டிகட், வெர்மான்ட், ரோட் ஐலண்டில் பத்திரங்கள் கவுண்டியில் இல்லை, ஊர் எழுத்தரிடம். தென் கரோலினாவில் 1785-க்கு முந்தையவை சார்ல்ஸ்டனில் பதிவானவை.

பெரிய குறை: நிலமில்லாதவருக்குப் பத்திரம் இல்லை; குத்தகைக்கு உழுதவர் வரிப் பட்டியலில்தான் அகப்படுவார். அடுத்தது தீ. பக்கிங்காம் கவுண்டி நீதிமன்றம் 1869-ல் எரிந்தபோது பத்திரங்கள் போயின. வரிப் பட்டியலின் ஒரு படி ஆண்டுதோறும் ரிச்மண்டுக்குப் போனதால் அது தப்பியது.

அடிமைப்பட்டோரின் வழித்தோன்றலுக்கு வரிசை தலைகீழ்

மேலே சொன்ன முன்னுரிமை இங்கே செல்லாது. 1850, 1860 சென்சஸின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளர் பெயரின் கீழ் வயது, பால், நிறம் மட்டும்; அடிமைப்பட்டவர்களின் பெயர் அநேகமாக எங்கும் இல்லை. விடுதலை பெற்றவர்கள் குடும்பமாகப் பெயரோடு வருவது 1870 சென்சஸில். அதற்குப் பின்னால் போக முதல் கதவு பத்திரப் புத்தகம்தான்: மகளுக்குக் கொடுத்த தானம், அடமானம், விற்பனைச் சீட்டு ஆகியவற்றில் மனிதர்களின் முதற்பெயர்கள், சில வேளை தாய்–பிள்ளை என்ற குறிப்போடும் இருக்கும். இன்டெக்ஸில் அவர்கள் பெயர் ஏறவில்லை; உரிமையாளர் பெயரில்தான் தேட வேண்டியிருந்தது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி இணையதளம் 2024-ல் திறந்த முழுவாசகத் தேடல், கையெழுத்தைக் கணினியே படித்து, பத்திரத்தின் நடுவில் புதைந்த பெயரையும் எடுத்துக் கொடுக்கிறது. இலவசம், கணக்கு தொடங்கினால் போதும். பழைய நீண்ட எஸ் எழுத்தை எஃப் என்று படித்து ஜெஸ்ஸியை ஜெஃப்சி ஆக்கிவிடும், ஆகவே அப்படியும் தட்டிப் பாருங்கள். வர்ஜீனியாவில் 1780-களின் தனிச்சொத்து வரிப் பட்டியல்கள் சில கவுண்டிகளில் அடிமைப்பட்டோரின் பெயர்களையே எழுதியிருக்கின்றன. அந்த ஓரிரு பக்கங்களுக்காகவே அந்த மைக்ரோஃபிலிம் சுருள்களை முழுக்க ஓட்டலாம்.

ஒரே கவுண்டியில் இரண்டு ஜான் மில்லர்

மூன்று ஆவணமும் சேர்ந்து குழப்பும் இடம் இதுதான். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்று இருந்தால் அப்பா–மகன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயர்க்காரர்களில் மூத்தவர், இளையவர் என்பதுதான் பொருள். மூத்தவர் போனதும் ஜூனியரே சீனியர் ஆகிவிடுவார். சென்சஸ் இவர்களைப் பிரிக்க அநேகமாக உதவாது. வரிப் பட்டியலில் ஒருவருக்கு ஆண்டுதோறும் ஐந்து குதிரை, மற்றவருக்கு ஒன்று. ஒருவர் மேல் மாவட்ட அதிகாரியின் பட்டியலில், மற்றவர் கீழ் மாவட்டத்தில். பத்திரத்தில் ஓடையின் பெயர் வேறு, கணவர் விற்கும் நிலத்தில் தன் உரிமையை விட்டுக்கொடுத்த மனைவியின் பெயர் வேறு. ஒருவர் கையெழுத்திடத் தெரிந்தவர், மற்றவர் கீறல் போடுபவர் என்றால் இன்னும் நல்லது: அந்தக் கீறலின் வடிவத்தை எழுத்தர்கள் பெரும்பாலும் அப்படியே வரைந்து வைத்திருப்பார்கள்.