விளம்பரமா, யூடியூபரா, நிருபரா? ஓர் ஆத்தங்குடிப் பட்டறைக் கணக்கு

காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் சிமெண்ட் பூக்கல் போடும் சின்னப் பட்டறை என்னுடையது. பெயர் வெளியே தெரிய என்ன செய்யலாம் என்று மூன்று வழியிலும் போய்ப் பார்த்தாயிற்று.

பேப்பர் விளம்பரம் சுலபம். சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று காசைக் கட்டினால், எழுதிக் கொடுத்தது அப்படியே வரும். போன் நம்பர் பிசகாது. காரைக்குடியில் புதுக்கடை திறக்கிறீர்களா, இதுவே போதும். ஆனால் நம் பெருமையை நாமே சொன்னால் யார் நம்புவார்கள்? அதற்காகச் சிலர் காசு கொடுத்துச் செய்தி மாதிரியே போட வைக்கிறார்கள். பிரஸ் கவுன்சில் அதைத்தான் ‘பெய்டு நியூஸ்’ என்கிறது. அந்தப் பக்கமே போக வேண்டாம்.

யூடியூபர் வந்தார், பேக்கேஜ் பேசினார். காசு வாங்கிப் போடும் வீடியோவில் அது விளம்பரம் என்று காட்ட வேண்டும் என்பது விளம்பரத் தரக் கவுன்சில் 2021-இல் கொண்டுவந்த விதி. அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது. வீடியோ வந்த அன்று போன் ஓயவில்லை. பாதிப் பேர் அதே வீடியோவில் வந்த மெஸ்ஸுக்கு வழி கேட்டார்கள்! மீதிப் பேர் லாரி வாடகையைக் கேட்டதும் வைத்துவிட்டார்கள். எங்கள் கல் கனம், தபாலில் போகிற சாமானா?

நிருபர் கதை வேறு. முதலில் அவருக்கு வாட்ஸ்அப்பில் ‘தரமான கல், நியாயமான விலை’ என்று அனுப்பினேன். “இதுல செய்தி எங்கண்ணே இருக்கு?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி.

அப்புறம் ஒருநாள் கானாடுகாத்தானிலிருந்து ஒரு ஆச்சி உடைந்த கல் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டு உள்முற்றத்து வளவில் நாலு கல் பெயர்ந்துவிட்டதாம், அதே பூ டிசைன் வேண்டுமாம். அச்சைப் புதிதாக அடிக்க வைத்தோம். பழைய பச்சை மட்டும் மூன்று தடவை தப்பியது. இதைச் சொன்னதும் நிருபர் மறுநாளே வந்துவிட்டார். கண்ணாடி மேல் அச்சை வைத்துக் கலர் சிமெண்டைக் கரண்டியால் ஊற்றுவதை எல்லாரும்தான் படம் எடுத்திருக்கிறார்கள். இவர் கல் இறுகிக் கண்ணாடி கழலும் வரை காத்திருந்தார். சூளையும் இல்லை, பாலிஷ் மிஷினும் இல்லை; பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது. ஆச்சி பழைய துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த படம்தான் பேப்பரில் வந்தது. செலவு, இரண்டு டீ.

குறையும் உண்டு. அச்சாகும் முன் செய்தியைக் காட்ட மாட்டார்கள், எப்போது வரும் என்றும் சொல்ல முடியாது. எனக்கு வந்தது பதினோராம் நாள், ‘ஆத்தங்குடியில் உள்ள ஒரு பட்டறையில்’ என்று. கடைப் பெயரே இல்லை! இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஆனால் மூன்று மாதம் கழித்துச் சென்னையிலிருந்து ஒரு ஆர்க்கிடெக்ட் அந்தக் கட்டிங்கோடு வந்து, “பேப்பர்ல வந்த பட்டறை எது?” என்று தெருவில் விசாரித்து வாசலில் நின்றார். விலை பேசவில்லை, அந்தப் பச்சையைத்தான் கேட்டார். விளம்பரம் பார்த்து வந்த ஒருவர்கூடப் பேரம் பேசாமல் போனதில்லை.

கட்டிங் இப்போது கல்லாவுக்கு மேலே தொங்குகிறது. ‘ஒரு பட்டறை’க்குப் பக்கத்தில் என் மகள் பேனாவால் எங்கள் பெயரை எழுதிவிட்டாள்.