பெஃபா கையேடு: ஒரு மழைக்காலம் பயன்படுத்திப் பார்த்ததில்

மிக்ஸிக்கும் செல்போனுக்கும் மதிப்புரை எழுதுகிறார்கள். நான் எழுதப்போவது மார்க் போடும் கருவி ஒன்றைப் பற்றி. மார்க் வாங்குவது பிள்ளைகள் இல்லை, அரசாங்கங்கள். வரி வசூலிப்பது, பட்ஜெட் போடுவது, சம்பளம் கொடுப்பது, கணக்கு எழுதுவது, அதைத் தணிக்கைக்குக் காட்டுவது என்று கஜானா வேலைகள் ஒவ்வொன்றுக்கும் ஏ, பி, சி, டி என்று தரம் போடும் கருவி அது. பெயர் பெஃபா (PEFA), 'பொதுச் செலவும் நிதிப் பொறுப்புடைமையும்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். கையேட்டுக்கு விலை கிடையாது, இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம். அதை வைத்து ஒரு நாட்டை மதிப்பிட்டு முடிக்க ஆகும் செலவு வேறு கதை.

நான் தென் மாவட்டங்களில் ஊராட்சி, பேரூராட்சிக் கணக்குகளைத் தணிக்கை செய்தே இருபத்திரண்டு வருடம் ஓட்டியவன். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, ஓர் ஆலோசனை நிறுவனத்தின் வழியாக 2016 தொடக்கத்தில் லைபீரியாவின் தலைநகர் மொன்ரோவியாவுக்குப் போனேன். "எபோலா ஊருக்கா போறீங்க?" என்று கேட்டுவிட்டு வீட்டில் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. முந்தைய மே மாதமே உலக சுகாதார நிறுவனம் அங்கே நோய் ஓய்ந்தது என்று அறிவித்திருந்தது. அப்புறமும் இரண்டொரு முறை தலைகாட்டி அடங்கியதை நான் வீட்டில் சொல்லவில்லை.

வேலை, பொது நிதிச் சீர்திருத்த உதவித் திட்டம் ஒன்றில் கருவூல ஆலோசகர். வெளிநாடுகள் பணம் கொடுக்கும். போரில் குலைந்துபோன அரசு தன் பணத்தைத் தானே ஒழுங்காக எண்ணவும் கொடுக்கவும் கற்றுக்கொள்ள அந்தப் பணத்தில் நாங்கள் துணை செய்ய வேண்டும். லைபீரியாவில் 1989-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவில் சிறிது ஓய்ந்து, 2003-ல்தான் முடிந்தது. 2006 ஜனவரியில் எலன் ஜான்சன் சர்லீஃப் ஜனாதிபதியாகப் பொறுப்பேற்றபோது மொத்த நாட்டுக்கும் ஆண்டு பட்ஜெட் 8 கோடி டாலர் அளவில் இருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் நிறைய தூரம் வந்திருந்தார்கள். 2009-ல் பொது நிதி மேலாண்மைச் சட்டம், 2010 ஜூனில் சுமார் 460 கோடி டாலர் கடன் தள்ளுபடி, 2011-லிருந்து கணினிவழிக் கணக்கு.

எங்கள் திட்ட மேலாளர் வந்த மாதமே கையில் கொடுத்தது 2016 பெஃபா. அந்த வருடம் பிப்ரவரியில்தான் புதுப் பதிப்பு வந்திருந்தது. ஏழு தூண்கள், 31 குறியீடுகள், அவற்றுக்குள் 94 உட்பிரிவுகள். அதிகாரப்பூர்வ மதிப்பீடு எதிலும் நான் இல்லை. எங்களோடு வேலை செய்த உள்ளூர்க் கணக்காளர்களுக்குப் பழக்கிவிட ஓர் ஒத்திகை மட்டும் நடத்தினோம். ஆறு வாரம், அத்தனை நாளும் மழை. உலகத் தலைநகரங்களில் மிக அதிகமாக மழை பெய்வனவற்றில் மொன்ரோவியாவும் ஒன்று. அதைப் படித்துத் தெரிந்துகொள்வதும் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து கூட்டம் நடத்துவதும் ஒன்றல்ல.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கருவிக்கு வாய்ப்பேச்சு செல்லாது. "எங்களிடம் செலவுக் கட்டுப்பாடு இருக்கிறது" என்று ஓர் இயக்குநர் சொன்னால், எந்த ஆணை, எந்தத் தேதி, எந்த அறிக்கை என்று கேட்கும். ஆதாரம் இல்லாவிட்டால் நட்சத்திரம் போட்ட டி. அதாவது, வேலை மோசம் என்று சொல்லவில்லை, தகவல் இல்லை என்று சொல்கிறது. ஆயுள் முழுக்கத் தணிக்கைத் தடை எழுதியவனுக்கு இது தாய்வீடு மாதிரி.

அளவுகோல்களும் தெளிவு. முதல் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டமன்றம் ஒப்புதல் கொடுத்த பட்ஜெட்டுக்கும் உண்மையில் செலவான தொகைக்கும் எவ்வளவு இடைவெளி? மூன்று வருடக் கணக்கில் இரண்டு வருடமாவது 95-லிருந்து 105 சதவீதத்துக்குள் நின்றால் ஏ. 90-க்கும் 110-க்கும் நடுவில் பி. 85-க்கும் 115-க்கும் நடுவில் சி. கணக்குப் போட எக்ஸெல் தாளையும் அவர்களே தருகிறார்கள். அரைமணி நேர வேலை. இன்னொன்று, மொத்த மார்க் என்று எதுவும் போட மாட்டார்கள். இந்த நாடு முதல் ரேங்க், அந்த நாடு கடைசி ரேங்க் என்று பட்டியலிடும் ஆசைக்குக் கையேடு இடம் கொடுப்பதில்லை. ஏ-க்கு நான்கு, டி-க்கு ஒன்று என்று போட்டுக் கூட்டிப் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அந்தப் பழி கருவியைச் சேராது.

சில குறியீடுகளில் 'பலவீனமான கண்ணி' கணக்கு. உட்பிரிவுகள் மூன்றில் ஏ வாங்கி ஒன்றில் டி வாங்கினால் முடிவு டி பிளஸ். கேட்டவுடன் எங்களிடம் பயிற்சி பெற்ற கணக்காளர்கள் கொதித்தார்கள். எனக்குச் சரி என்றுதான் பட்டது. நான்கு சக்கரத்தில் ஒன்று கழன்ற வண்டி முக்கால்வாசி ஓடும் என்று யாரும் சொல்வதில்லை.

இனி இடிக்கும் இடம். குறியீடு 22 செலவு நிலுவையைப் பார்க்கிறது. அரசு வாங்கிவிட்டுப் பணம் கொடுக்காமல் வைத்திருக்கும் பில்கள் மொத்தச் செலவில் 2 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் ஏ. ஒத்திகைக்கு எடுத்துக்கொண்ட அலுவலகத்தில் கணினி காட்டிய நிலுவை ரொம்பக் குறைவு. ஏ போட்டு முடித்தோம். மூன்றாவது வாரம் அங்கிருந்த மூத்த கணக்காளர் தன் மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து காட்டினார். ஐம்பத்தெட்டு வயது அம்மா, எல்லோரும் 'ஓல்ட் மா' என்றுதான் கூப்பிடுவார்கள். உள்ளே ஜெனரேட்டருக்கு டீசல் வாங்கிய பில்கள் கட்டுக்கட்டாக, ரப்பர் பேண்டு போட்டு.

"பாஸ்மேன், இது நிலுவை இல்லை. கணினி இதைப் பார்த்ததே இல்லையே" என்றார்.

ஒதுக்கீடு தீர்ந்துபோனால் கணினி பில்லை உள்ளே விடாது. செலவுக் கட்டுப்பாடு அப்படித்தான் வேலை செய்ய வேண்டும். ஆனால் மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓடித்தானே ஆக வேண்டும்? டீசல்காரர் ஊற்றிவிட்டுப் போவார், பில் இழுப்பறைக்குப் போகும், புது ஆண்டில் ஒதுக்கீடு வந்ததும் புதுத் தேதியோடு வெளியே வரும். கட்டுப்பாடு இறுக இறுக இழுப்பறை நிறையும், மார்க்கும் ஏறும். கையேட்டின் மேல் முழுப் பழியையும் போட முடியாது. நிலுவையை எப்படிக் கண்காணிக்கிறார்கள் என்று இரண்டாவது உட்பிரிவில் அது கேட்கிறது. ஆனால் இழுப்பறை இருக்கிறது என்று தெரிந்தவன்தானே அதைத் திறக்கச் சொல்லிக் கேட்பான்? இரண்டு வாரம் வந்து போகும் நிபுணருக்கு அது எங்கே தெரியப்போகிறது?

இதன் விலை என்ன என்று எனக்குச் சொன்னவர் நிபுணர் இல்லை, கடைக்காரர். மொன்ரோவியாவில் லெபனான்காரர் கடைகளும் நம் நாட்டவர் கடைகளும் நிறைய உண்டு. நான் பருப்பு வாங்கும் சிந்திக்காரர் அரசு அலுவலகங்களுக்குக் காகிதமும் டோனரும் கொடுப்பவர். "உங்களுக்கு நூறு, சர்க்காருக்கு நூற்று முப்பது. பணம் எப்போது வரும் என்று எனக்குத் தெரியாதே" என்றார். இந்தக் கூடுதல் முப்பது, பெஃபாவின் 94 உட்பிரிவுகளில் எதற்குள்ளும் வராது.

நிதிச் சீர்திருத்தத் திட்டம் நடத்துகிறவர்கள் இந்தக் கருவியைப் பயன்படுத்தும் விதம் இன்னும் மோசம். நானும் அந்தப் பாவத்தில் பங்குதாரன். திட்ட ஆவணத்தில் 'மூன்றாம் ஆண்டு முடிவில் குறியீடு 26, டி-யிலிருந்து சி ஆகும்' என்று எழுதிவிடுவோம். 26 என்பது உள்தணிக்கை. எழுதிய பிறகு வேலை எளிது. அலுவலகங்களில் உள்தணிக்கைப் பிரிவு திறக்க வேண்டும், விதிமுறைப் புத்தகம் அச்சடிக்க வேண்டும், மடிக்கணினி வாங்க வேண்டும், ஆண்டுத் திட்டம் போட வேண்டும். இத்தனைக்கும் ஆதாரம் உண்டு, இத்தனைக்கும் மார்க் உண்டு. என் காலாண்டு அறிக்கையில் 'பிரிவுகள் நிறுவப்பட்டன' என்று கம்பீரமாக எழுதினேன். அவற்றில் ஒரு பிரிவின் அறிக்கையை யார் படிக்கிறார்கள் என்று பின்னால் விசாரித்தேன். எழுதியவர், அப்புறம் நான். கேள்வித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாடம் நடத்தினால் பிள்ளை பாஸ் ஆகும்தான்.

ஊரில் எனக்கு ஒரு பழக்கம் இருந்தது. பதிவேடெல்லாம் புது அட்டை போட்டு, சிவப்பு மையில் கோடு போட்டு அடுக்கி வைத்திருக்கும் ஊராட்சிக்குப் போனால், பதிவேட்டை மூடிவிட்டு நேரே ஆழ்துளைக் கிணற்றுக்குப் போய்க் குழாய்களை எண்ணுவேன். ஏனோ மொன்ரோவியாவில் அது எனக்கு மறந்துபோனது.

பழைய பதிப்பிலிருந்து தூக்கி எறிந்த ஒன்றைப் பற்றி எனக்கு நிரந்தர வருத்தம் உண்டு. 2005-ல் வந்த முதல் பெஃபாவில் அரசுக்கு 28 குறியீடுகள், அவற்றோடு கொடையாளர்களுக்கும் மூன்று. சொன்ன பணத்தைச் சொன்ன காலத்தில் கொடுத்தார்களா, தங்கள் திட்டங்களின் கணக்கை அரசிடம் சொன்னார்களா, அந்த நாட்டின் கருவூலம் வழியாகவே பணத்தை அனுப்பினார்களா என்று அவர்களுக்கும் மார்க் போட்டார்கள். 2016 பதிப்பில் இந்த மூன்றும் இல்லை. அரசின் அறிக்கைக்கு வெளியே ஓடும் பணத்தைக் கேட்க ஒரு குறியீடு இருக்கிறதே என்பார்கள். அதில் மார்க் குறைவது அரசுக்கு, கொடுத்தவருக்கு இல்லை. பெரிய தொகைகள் கருவூல வாசலையே மிதிக்காமல் ஓடும் நாடுகளில்தான் அந்த மூன்று கேள்வியும் அதிகம் தேவை.

சரி, மார்க் போடுவதற்குப் பதிலாக நேரே கையைப் பிடித்து எழுத வைத்தால்? லைபீரியாவிலேயே அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். ஜெமாப் என்று பெயர். 2005 செப்டம்பரில், தேர்தலுக்கு முன்பே, இடைக்கால அரசோடு கையெழுத்தான ஏற்பாடு. துறைமுகம், விமான நிலையம், பெட்ரோலிய நிறுவனம், வனத்துறை போன்ற பணம் புழங்கும் இடங்களில் வெளிநாட்டு நிதி நிபுணர் உட்காருவார், அவருடைய இரண்டாவது கையெழுத்து இல்லாமல் பணம் நகராது. திருட்டு குறைந்தது, வருமானம் வங்கிக்கு வந்தது என்று அந்தக் காலத்தில் வேலை பார்த்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஓல்ட் மாவிடம் கேட்டேன். "காசு வங்கிக்குப் போனது உண்மை. ஆனால் பேனா அவர்களுடையது, போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார். என் கணக்கில் போர் முடிந்த முதல் இரண்டு மூன்று வருடத்துக்கு ஜெமாப் சரியான மருந்து, அதற்குமேல் கொடுத்தால் பழக்கமாகிவிடும்.

நல்ல மார்க் எதைச் சொல்லாது என்பதற்கு ஆப்கானிஸ்தான் இருக்கிறது. அங்கே 2002-லிருந்து உலக வங்கி நடத்திய மறுசீரமைப்பு நிதியத்தில் ஆசிரியர் சம்பளம்வரை பில் பார்த்து, தனிக் கண்காணிப்பாளர் சரிபார்த்து, அப்புறம்தான் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். 2008, 2013, 2018 என்று பெஃபா அறிக்கைகளும் வந்தன. ஏழை நாடுகளின் வரிசையில் அந்த மார்க்குகள் மோசமில்லை, சில இடங்களில் நன்றாகவே இருந்தன. காபூல் கருவூலத்தில் வேலை பார்த்த ஆட்களின் திறமையைக் கேள்விப்பட்டு எனக்குப் பொறாமைகூட வந்திருக்கிறது. ஆனால் அரசுச் செலவில் முக்கால் பங்கு வெளிநாட்டுக் கொடை. 2021 ஆகஸ்டில் அரசு விழுந்தது, கொடையும் நின்றது. கொடுத்த பணத்தை எண்ணினார்களா என்று பெஃபா கேட்டது, அவர்களும் எண்ணினார்கள். அந்தப் பணம் நின்றால் என்ன ஆகும் என்று கேட்பது அதன் வேலையாக இருந்ததில்லை.

சோமாலியாவில் வேறு மாதிரிப் போனார்கள். 2014-லிருந்து ஒரு நிதி ஆளுகைக் குழு. அரசின் பெரிய ஒப்பந்தங்களை உள்நாட்டவரும் வெளிநாட்டவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அப்புறம் படைவீரர் சம்பளத்தை அதிகாரிகள் கையில் கொடுக்காமல் நேரே வீரரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புவது. எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்காமல் சில வேலைகளைப் பிடித்துக்கொண்டார்கள். 2023 டிசம்பரில் 450 கோடி டாலர் கடன் தள்ளுபடிக்கான கடைசிப் படியை எட்டினார்கள். லைபீரியர்கள் 'ஸ்மால் ஸ்மால்' என்பார்கள், கொஞ்சம் கொஞ்சமாக என்று அர்த்தம். இந்த வேலைக்கு அந்த வேகம்தான் பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

பெஃபாவுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்றரை. புதிதாக ஒரு நாட்டுக்குப் போகும் ஆலோசகர், அங்கே ஏற்கெனவே வந்த அறிக்கையை விமானத்திலேயே படித்துவிடலாம், அதற்கு ஈடான அறிமுகம் கிடையாது. தரம் போட்ட அறிக்கையை அரசு உட்படக் குறைந்தது நான்கு அமைப்புகள் பார்த்துச் சரி சொன்னால்தான் 'பெஃபா செக்' முத்திரை கிடைக்கும், அந்த முத்திரை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்றரை மார்க்கைக் குறைத்தது இழுப்பறைக்காகவும், தூக்கி எறிந்த அந்த மூன்று குறியீட்டுக்காகவும். கையேட்டின் நான்காம் பாகம் 2020-ல்தான் வந்தது. ஒரு மார்க் ஏன் குறைந்தது, அதன் அடியில் என்ன காரணம், யாருக்கு எதில் இஷ்டமில்லை என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கிறது. எங்களுக்கு நான்கு வருடம் முன்னால் கிடைத்திருந்தால் என் காலாண்டு அறிக்கைகள் கொஞ்சம் அடக்கமாக இருந்திருக்கும். திட்ட மேலாளர்கள் முதலில் அதைப் படித்துவிட்டு, அப்புறம் மார்க் போடும் இரண்டாம் பாகத்துக்குப் போகலாம்.

இரண்டாம் பாகத்தை அச்சடித்து எடுத்துப் போங்கள், மின்சாரத்தை நம்ப முடியாது. பிளாஸ்டிக் உறையும் வேண்டும். அப்புறம் இழுப்பறையை முதல் நாளே கேட்டுவிடாதீர்கள். நான் கேட்டேன். சாவி தொலைந்துவிட்டது என்றார்கள், கிடைக்க இரண்டு வாரம் ஆனது.