கப்பலில் வந்த ஒல்லாந்தப் பாட்டனாரைத் தேட: அச்சில் வந்த வம்சாவளியா, தேவாலயப் பதிவேடா?

இலங்கையில் பறங்கியர் (ஐரோப்பியர் வழியினர்) வழி வந்த பல குடும்பங்களில், கப்பலில் வந்த ஒல்லாந்த, அதாவது டச்சு, பாட்டனார் ஒருவரைப் பற்றிய கதை இருக்கும். எந்த ஊர்க்காரர், எப்போது வந்தார், யாரைக் கட்டினார் என்று கேட்டால் கதை நின்றுவிடும். தேடத் தொடங்குபவருக்கு முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, 1908இல் தொடங்கிய டச்சுப் பறங்கியர் சங்கம் தன் சஞ்சிகையில் அச்சிட்ட வம்சாவளிகள். மற்றது, கொழும்பு வுல்ஃபெண்டால் தேவாலயம் போன்ற இடங்களில் ஒல்லாந்தர் எழுதிவைத்த பதிவேடுகள்.

வம்சாவளி கையில் கிடைத்தால் அரை மணி நேரத்தில் ஐந்தாறு தலைமுறையைப் பிடித்துவிடலாம். பழைய ஒல்லாந்தக் கையெழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் அது ஐரோப்பாவிலிருந்து வந்த ஆணில் தொடங்கி மகன், பேரன் என்று ஆண்வழியிலேயே இறங்குகிறது. கட்டிக்கொடுத்த மகளின் கிளை பெரும்பாலும் அந்த வரியோடு முடிகிறது. உள்ளூரில் பிறந்த மனைவிக்குப் பல இடங்களில் வெறும் ஞானஸ்நானப் பெயர்தான் மிஞ்சும். எனக்கு இதில் மனம் ஆறுவதில்லை. பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவள் அவள்தானே.

அதனால் வம்சாவளியை வழிகாட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பெயரையும் பதிவேட்டில் சரிபார்த்த பிறகே நம்புங்கள்.

பதிவேட்டிலும் எல்லோரும் முதலில் புரட்டுவது ஞானஸ்நானப் பக்கம். நான் திருமணப் பக்கத்தைத்தான் சொல்வேன். பிள்ளையின் ஞானஸ்நானத்தில் தகப்பனைப் பற்றிப் பெரும்பாலும் பெயருக்கு மேல் அதிகம் இருக்காது. திருமணத்திலோ அவருடைய ஊரும் கம்பெனியில் (ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனி) பார்த்த வேலையும் சேர்ந்து வரும்: சிப்பாய், கணக்கர், தச்சர் என்று. 'வான்' (van) என்ற ஒல்லாந்தச் சொல்லுக்குப் பின்னால் வருவது சொந்த ஊர். அந்த இடத்தில் ஹாம்பர்க் என்று இருந்தால் திகைக்க வேண்டாம். கம்பெனிச் சிப்பாய்களில் ஜெர்மானியர் ஏராளம். மணப்பெண்ணுக்கு அதே இடத்தில் யாழ்ப்பாணம் என்று இருந்தால், அவள் அங்கே பிறந்தவள் என்றுதான் கொள்ளலாம். தமிழ்ப் பெண்ணா, ஒல்லாந்தர் மகளா என்பதை அந்த ஒரு சொல்லை வைத்துத் தீர்மானிக்க முடியாது.

ஊர் தெரிந்துவிட்டால் அடுத்த கதவு திறக்கிறது. ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் கப்பல்களின் சம்பளப் பேரேடுகள் இருக்கின்றன. பெயர்களை இணையத்திலேயே தேடலாம். எந்தக் கப்பல், என்ன பதவி, வேலை எங்கே எப்படி முடிந்தது என்பதெல்லாம் அவற்றில் உண்டு. இவை பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டுக்கு உரியவை. அதற்கு முன் வந்தவர் என்றால் இந்த வழி அநேகமாக மூடியிருக்கும்.

ஞானஸ்நானப் பக்கத்தின் பலம் சாட்சிகளின் பெயர்களில் இருக்கிறது. முதல் பிள்ளைக்குச் சாட்சியாகப் பாட்டியோ சித்தியோ நின்றிருப்பாள். நான்கைந்து பிள்ளைகளின் சாட்சிகளை ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். வம்சாவளியில் தனிமரமாக நின்ற மனைவிக்கு அக்கா, அண்ணன் எல்லாம் முளைத்துவருவார்கள்.

இரண்டு இடங்களில் கால் இடறும். தேதியில் 7 என்ற எண்ணுக்குப் பின் 'பெர்' (7ber) என்று எழுதியிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர். அப்புறம், யான்ஸ், பீட்டர்ஸ் போன்ற பெயர்கள். யான் மகன், பீட்டர் மகன் என்பதுதான் அவற்றின் பொருள். நம் தலைப்பெழுத்து மாதிரி. தலைமுறைக்குத் தலைமுறை மாறிவந்த இந்தப் பெயர் பின்னாளில் குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. ஆகவே இரண்டு யான்ஸ் குடும்பங்கள் உறவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பெயர் கண்டதும் கிளைகளை ஒட்டிவிடாதீர்கள்.

கல்லறைக் கற்களையும் பார்க்கலாம். கொழும்புக் கோட்டைக்குள் இருந்த பழைய தேவாலயத்தின் கற்கள் 1813இல் வுல்ஃபெண்டாலுக்கு வந்து சேர்ந்தன. ஆனால் கல் வைக்க வசதி இருந்தவர் சிலரே.

யாழ்ப்பாணத்துப் பக்கம் தேடுபவர் அங்குள்ள கோட்டைக்குள் போய்த் தேவாலயத்தைப் பார்க்க முடியாது. 1706இல் கட்டிய அந்தக் கட்டடம் போரில் அழிந்துவிட்டது.

தாய்வழி உள்ளூர்க் கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் தேவாலயப் பதிவேட்டோடு நின்றுவிடாமல் பள்ளித் தோம்பையும், அதாவது பள்ளிக்கூடப் பதிவேட்டையும், கேளுங்கள். உள்ளூர்க் கிறிஸ்தவர்களின் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பள்ளி ஆசிரியர் அதில்தான் எழுதினார். கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் தோம்புகள் இருக்கின்றன. போகும்போது பாட்டனார் பெயரை மட்டும் கொண்டுபோகாமல், பாட்டியின் ஞானஸ்நானப் பெயரையும் பிள்ளைகளின் சாட்சிகள் பட்டியலையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்.