ஒன்பது ஆண்டுகள் நின்ற டாடா 1612: இறுகிய என்ஜினைச் சுழலவைத்த சங்ககிரிப் பட்டறை

என் தந்தையார் 1989-இல் வாங்கி இருபத்தாறு ஆண்டுகள் ஓட்டிய டாடா 1612 எஸ்.இ லாரி, அவர் உடல்நலம் குன்றிய 2015-ஆம் ஆண்டிலிருந்து திருச்செங்கோட்டுக்கு அருகே எங்கள் தென்னந்தோப்பில் நின்ற இடத்திலேயே நின்றது. கடந்த ஆண்டு அதைத் தோப்புக்குள் தண்ணீர் டேங்கராகப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்து, புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தியபோது ஒரு 'டக்' ஒலி மட்டுமே கேட்டது. லாரிக்காரர்கள் 'என்ஜின் பிடித்துக்கொண்டது' என்று சொல்வார்களே, அந்த நிலைதான். அதைச் சரிசெய்து கொடுத்த சங்ககிரிப் பட்டறையின் வேலையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். பட்டறை நடத்தும் பெரியவர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்த்து, செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

அவரிடம் போவதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் கேட்டிருந்தேன். ஓரிடத்தில், வண்டியை மூன்றாவது கியரில் போட்டு இன்னொரு லாரியால் கட்டி இழுத்தால் தானாக விட்டுக்கொடுக்கும் என்றார்கள். மற்றோரிடத்தில் என்ஜினைப் பார்க்காமலேயே பழைய என்ஜின் ஒன்றை மாற்றிப் போடச் சொன்னார்கள். இரண்டும் எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வண்டியில் இருப்பது 697 என்ஜின். ஆறு சிலிண்டர், 97 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) என்பதையே அந்த எண் குறிக்கிறது. ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம்) 128 மில்லிமீட்டர், மொத்தக் கொள்ளளவு 5,675 சி.சி. டெல்கோ (பின்னாளில் டாடா மோட்டார்ஸ் ஆன நிறுவனம்) 1954-இல் டைம்லர் பென்ஸ் நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் வழியில் வந்த என்ஜின் குடும்பம் இது. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் நாமக்கல், சேலம் கடைகளில் இன்றும் கிடைக்கின்றன. உதிரிபாகம் கிடைக்கும் என்ஜினைத் திறந்து பார்க்காமல் காயலாங்கடைக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அது என் தந்தையாரின் கை பட்ட என்ஜின் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பெரியவர் தோப்புக்கே வந்து பார்த்தார். முதலில் அவர் சொன்னது இதுதான்: "என்ஜின் பிடிச்சிருக்குன்னு இப்பவே முடிவு பண்ணாதீங்க தம்பி. பிடிச்சது எதுன்னு மொதல்ல பார்க்கணுங்க." அன்று அவர் எடுத்ததுமே என்ஜினைச் சுற்ற முயலவில்லை, என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்தார். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி அதன் பல், ஃபிளைவீல் சக்கரத்தைச் சுற்றியுள்ள பல் வளையமான ரிங் கியரில் சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். ஃபேன் பெல்ட்டை அவிழ்த்து வாட்டர் பம்பையும் டைனமோவையும் கையால் சுழற்றினார். ஏர் கம்ப்ரஸரும் டீசல் பம்பும் தனியே இறுகியிருந்தாலும் என்ஜின் முழுவதும் இறுகியதுபோலவே தோன்றும் என்பதால், அவற்றின் இணைப்புகளையும் விலக்கினார். வாட்டர் பம்பு மட்டும் கடினமாகச் சுழன்றது, மற்றவற்றில் குறையில்லை. இவ்வளவுக்கும் பிறகுதான், ஃபிளைவீல் ஹவுசிங் வழியாக ரிங் கியரில் ஒரு கம்பியைக் கொடுத்து மெதுவாக அழுத்திப் பார்த்து, இறுகல் சிலிண்டருக்குள்ளோ கிராங்க் பேரிங்கிலோதான் இருக்கிறது என்றார். இந்த ஒரு நாள் வேலைக்காகவே நான் அவரைப் பரிந்துரைப்பேன். பிழையான இடத்தில் செலுத்தப்படும் பலம்தான் பழைய என்ஜின்களை உதவாமல் ஆக்குகிறது.

மறுவாரம் வண்டியை டிரெய்லரில் ஏற்றிப் பட்டறைக்குக் கொண்டு சென்றோம். டேப்பட் கவரைத் திறந்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களைத் தாங்கும் ராக்கர் ஷாஃப்டைக் கழற்றியது அங்கே நடந்த முதல் வேலை. அதற்கு அவர் இரண்டு காரணங்கள் சொன்னார். ராக்கர் இல்லாவிட்டால் எல்லா வால்வுகளும் மூடிய நிலைக்கு வந்துவிடும். இறுகலை விடுவிக்கப் பின்னர் ஊற்றும் எண்ணெய் வால்வு வழியாக வெளியே ஓடாமல் சிலிண்டரிலேயே நிற்கும். மேலும், வால்வு ஏதேனும் தன் குழாயான கைடில் துருப்பிடித்து நின்றிருந்தால், என்ஜினைச் சுழற்றும்போது ராக்கரைத் தள்ளும் புஷ் ராடு வளையும் ஆபத்தும் இல்லாமல் போகும். ஒவ்வொரு வால்வின் தலையிலும் மர உளியின் கைப்பிடியால் தட்டிப் பார்த்ததில் இரண்டாவது சிலிண்டரின் இன்டேக் வால்வு (காற்றை உள்ளே விடும் வால்வு) மட்டும் திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது தெரிந்தது. அதை எண்ணெய் விட்டுத் தட்டித் தட்டி மூடவைக்கவே அரை நாள் ஆயிற்று.

பின்னர் டீசலைத் தெளிக்கும் ஆறு நாசில்களையும் கழற்றி, அந்தத் துளைகளின் வழியே கைப்பேசியோடு இணைக்கும் மெல்லிய கேமராவை உள்ளே விட்டார். நான்கு சிலிண்டர்கள் எண்ணெய் பூசியதுபோல் கறுப்பாகவும் ஈரப்பசையோடும் இருந்தன. இரண்டாவதும் நான்காவதும் மட்டும் செம்மண் நிறத்தில் இருந்தன. அந்த இரண்டு மட்டும் ஏன் என்று கேட்டபோது அவர் தந்த விளக்கம் என் மனத்தில் அப்படியே நிற்கிறது. வண்டி நின்ற சில ஆண்டுகளில் யாரோ ஏர் கிளீனரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்; பானட்டும் சரியாக மூடாததால் இன்டேக் மேனிஃபோல்டின் வாய் மழைக்குத் திறந்தே கிடந்தது. இந்த என்ஜினின் சிலிண்டர்களில் டீசல் எரியும் வரிசை 1-5-3-6-2-4. வரிசையில் அடுத்தடுத்து வரும் 2-உம் 4-உம் நின்ற நிலையில் ஒரே நேரத்தில் இன்டேக் வால்வு திறந்தவையாக இருந்ததால், மழை நீர் அந்த இரண்டுக்குள் மட்டும் இறங்கியிருக்கிறது. இரண்டாவதன் பிஸ்டன் கீழே வெகுவாக இறங்கி நின்றதால் அதன் மேல் சுவர் முழுவதும் துருவேறியது. நான்காவதன் பிஸ்டன் மேல் முனைக்கு அருகிலேயே நின்றதால் அதற்குப் பாதிப்பு குறைவு.

ஊறவைக்க அவர் பயன்படுத்தியது, தானியங்கி கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏ.டி.எஃப் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவில் கலந்த கலவை. அசிட்டோன் எண்ணெயைத் தண்ணீர்போல் இளக்கி ரிங்குக்கும் சுவருக்கும் இடையிலான நூலிழை வழியில் இறக்கிவிட்டுத் தான் ஆவியாகிவிடும். எண்ணெய் அங்கேயே தங்கும். இரண்டும் நன்றாகக் கலக்காமல் சற்று நேரத்தில் பிரிந்துவிடுவதால் ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் ஊற்ற வேண்டும். அசிட்டோன் எளிதில் தீப்பற்றக்கூடியது. பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது இந்த வேலையை அவர் தொடவே இல்லை. கடைகளில் டப்பாவில் கிடைக்கும் ஸ்பிரே வகைகளைப் பற்றியும் கேட்டேன். நட்டு, போல்ட்டுக்கு அவை போதும்; ஆறு லிட்டர் என்ஜினின் ரிங்குகளுக்கு நின்று ஊறும் திரவம் வேண்டும் என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. ஒன்பது நாட்கள், நாளுக்கு இருமுறை, சிலிண்டர் ஒன்றுக்கு ஒரு தேநீர்க் குவளை அளவு ஊற்றினார்கள்.

பத்தாம் நாள் ஒரு நீண்ட கம்பியைக் கொண்டு ரிங் கியரை முன்னோக்கி அழுத்தினார்கள். ஒரு பல் அளவு நகர்ந்ததும் உடனே நிறுத்திப் பின்னோக்கி அழுத்தினார்கள். முன்னே ஒன்றரைப் பல், பின்னே ஒரு பல் என்று மிகப் பொறுமையாக அசைத்துக்கொண்டே போனதில், மாலைக்குள் ஃபிளைவீல் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு சுற்று சுற்றியது. என் கண்ணில் நீர் வந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றச் சொல்லி நான் கேட்டபோது அவர் கம்பியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டார். இதுவரை இரண்டாவது பிஸ்டன் கீழே, துருப்படாத சுவரில்தான் இறங்கியிருக்கிறது. இனி அது மேலே ஏறத் தொடங்கும். துருவேறிய சுவரில் ஏறினால் ரிங் உடையும், பிஸ்டனின் ரிங் பள்ளமும் பெயரும் என்றார். கட்டி இழுக்கச் சொன்னவர்களின் யோசனையைக் கேட்டிருந்தால் நடந்திருக்கக்கூடியது இதுதான்.

ஆறு சிலிண்டருக்கும் ஒரே துண்டாக இருக்கும் ஹெட்டைச் செயின் பிளாக்கில் தூக்கி, இரண்டாவது சிலிண்டரின் மேல் சுவரை மெல்லிய எமரித் தாளால் தேய்த்த பிறகே முழுச் சுற்று சுற்றினார்கள். என்ஜின் தடையின்றிச் சுழன்றது. ஆனாலும் தேய்த்த சுவரில் நகம் மாட்டும் அளவுக்குக் குழிகள் இருந்தன. கேமராவில் தெரியாதவை இவை. அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்பைக் கழற்றிப் பார்த்ததில், பேரிங் அமரும் கிராங்க் ஜர்னல்கள் நல்ல நிலையில் இருந்தன. பேரிங் மட்டும் மாற்றினால் போதும் என்று முடிவாயிற்று. எண்ணெய்க் கலவை இறங்கி சம்பில் இருந்த ஆயில் மோர்போல் நீர்த்துக் கிடந்ததையும் காட்டினார். சுழல ஆரம்பித்த மகிழ்ச்சியில் அந்த ஆயிலோடேயே ஸ்டார்ட் செய்து பேரிங்கை எரித்துக்கொண்டவர்களும் உண்டாம்.

சிலிண்டரின் உள்உறையான ஸ்லீவ் ஆறையும் மாற்றிவிடுங்கள் என்றே நான் சொன்னேன். அவர் மறுத்தார். சுமை ஏற்றி நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியானால் அதுவே சரி. தோப்புக்குள் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் டேங்கருக்கு அது வீண் செலவு என்றார். பிளாக்கைப் போரிங் கடைக்கு அனுப்பி இரண்டாவதற்கு மட்டும் புது ஸ்லீவ் இறக்கி, மற்ற ஐந்தின் அளவுக்கே போர் செய்து, ஆறின் உட்சுவரையும் மெல்லத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் செய்து வாங்கினார். புதிய பிஸ்டனைப் பழையவற்றோடு தராசில் வைத்து எடை பார்த்துத் தேர்ந்தார். எல்லாச் சிலிண்டருக்கும் புது ரிங். தனக்கு வரக்கூடிய வருமானத்தைத் தானே குறைத்துக்கொண்ட இந்த நேர்மையைக் குறிப்பிடாமல் விடுவது தவறு.

முதல் முறை ஸ்டார்ட் செய்த நாளில் நான் கற்றுக்கொண்டதைப் பழைய வண்டி வைத்திருப்போர் அனைவரும் அறிய வேண்டும். நீண்ட நாள் நின்ற வரிசைப் பம்புகளில் (இவ்வகை டீசல் பம்புகளில்) டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ராக் என்னும் தண்டு முழு டீசல் நிலையில் சிக்கிக்கொள்ளக்கூடும். அப்படி இருந்தால் ஸ்டார்ட் ஆன என்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுத்துச் சிதறும். சாவியை அணைத்தாலும் நிற்காது. ஆகவே பம்பைத் தனியே பம்புக் கடையில் பிரித்துச் சுத்தம் செய்து சோதனை மேசையில் ஓட்டிய பிறகும், பெரியவர் இன்டேக் வாயருகே ஒரு பிளைவுட் பலகையோடு உதவியாளரை நிறுத்திவைத்தார். காற்றை அடைத்தால்தான் அந்த நிலையில் டீசல் என்ஜின் நிற்கும். டீசலை நிறுத்தும் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஆயில் மீட்டர் முள் எழும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு, அதன் பிறகே கேபிளை விட்டார். மூன்றாவது சுற்றில் என்ஜின் பற்றிக்கொண்டது. பலகைக்கு வேலை வரவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். மூன்று வாரம் என்று சொன்ன வேலை ஏழு வாரம் ஆயிற்று. பம்புக் கடையில் ஏற்பட்ட தாமதம் அவர் கையில் இல்லை என்றாலும், நானாக அழைத்துக் கேட்கும்வரை எந்தத் தகவலும் தரப்படவில்லை. வாய்மொழியாகச் சொன்ன மதிப்பீடு 65,000 ரூபாய். முடிந்தது 91,000 ரூபாய். இதில் கூலி 30,000, உதிரிபாகங்கள் 34,000, போரிங் மற்றும் ஹோனிங் 7,500, பம்பு மற்றும் நாசில் வேலை 13,500, டிரெய்லர் வாடகை 6,000. ஒவ்வொன்றுக்கும் ரசீது காட்டினார், கழற்றிய பாகங்களையும் சாக்கில் கட்டிக் கொடுத்தார் என்பதால் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் கூடுதல் செலவு வரும்போதே சொல்லியிருக்கலாம். இவற்றைவிட எனக்கு உறுத்தியது ஹெட் போல்ட் முறுக்கிய விதம். குழாய் செருகிய ஸ்பேனரால் கை அனுபவத்தில் முறுக்கத் தொடங்கினார்கள். முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும் என்று நான் வற்புறுத்திய பிறகே பக்கத்துப் பட்டறையிலிருந்து வாங்கி வந்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று கட்டங்களில் முறுக்கினார்கள். மற்ற எல்லாவற்றிலும் இவ்வளவு கவனமுள்ள இடத்தில் அந்தக் கருவி சொந்தமாக இல்லாதது பெருங்குறை.

உதிரிபாகம் கிடைக்காத அரிய என்ஜினோ, ஓடும்போதே ஆயில் இன்றி எரிந்து இறுகிய என்ஜினோ வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் அப்படியே பொருந்தாது. உலோகம் உலோகத்தில் உருகி ஒட்டியதை எந்தக் கலவையும் ஊறவைத்துப் பிரிக்காது. என்னுடையதைப் போல ஈரத்தால் துருப்பிடித்து நின்றதென்றால், தயங்காமல் இவரிடம் செல்லலாம். மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

வண்டி இதுவரை தோப்புக்குள் 40 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் சற்று வெண்புகை வந்து இரண்டு நிமிடங்களில் தெளிகிறது, ஆயில் குறையவில்லை, ரேடியேட்டர் நீரில் எண்ணெய்ப் படலம் இல்லை. அடுத்த வாரம் பெரியவர் டேப்பட் இடைவெளியைச் சரிபார்க்கவும் ஹெட் போல்ட்டை மறுபடி முறுக்கவும் வருகிறார். டார்க் ரெஞ்சை இம்முறை நானே வாங்கி வைத்திருக்கிறேன்.