அழற்சி வலிக்கு மீன் எண்ணெயா, வலி நிவாரணி மாத்திரையா?

மூட்டுகள் அழற்சியால் வீங்கி வலிக்கும் முடக்குவாதம் உள்ளவர்கள் காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாமல், ஒரு குவளையைக்கூட இரு உள்ளங்கைகளாலும் அணைத்துப் பிடித்தபடி நிற்பதுண்டு. அந்த நேரத்தில் வேண்டிய உடனடி நிவாரணத்தை இப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் தரும்; மீன் எண்ணெய் தராது. இதை அறியாதவர்கள் பத்து நாள் மீன் எண்ணெய் சாப்பிட்டுவிட்டு, பலனில்லை என்று நிறுத்திவிடுகிறார்கள்.

இத்தனைக்கும் இரண்டும் கைவைப்பது ஏறத்தாழ ஒரே இடத்தில்தான். செல் சவ்வில் உள்ள அராக்கிடோனிக் அமிலத்தை சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதி புரோஸ்டாகிளாண்டின்களாக மாற்றுவதால் வலியும் வீக்கமும் கூடுகின்றன. மேற்சொன்ன மாத்திரைகளும் அடங்கும் ஆஸ்பிரின் வகை மருந்துகள் இந்த உற்பத்தியைத் தடுக்கின்றன என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மீன் எண்ணெயோ மூலப்பொருளையே மாற்றுகிறது: அதிலுள்ள இபிஏ, டிஹெச்ஏ என்னும் ஒமேகா 3 கொழுப்பு அமிலங்கள் அராக்கிடோனிக் அமிலத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடிக்கின்றன, அவற்றிலிருந்து வீரியம் குறைந்த புரோஸ்டாகிளாண்டின்களும், அழற்சி தணிய உதவும் ரிசால்வின்களும் உருவாகின்றன. சவ்வின் சேர்மானம் மாறி அதன் பலன் மூட்டில் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும்.

பதினேழு ஆய்வுகளைத் தொகுத்து 2007இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, மூன்று நான்கு மாதங்கள் ஒமேகா 3 எடுத்தவர்களுக்கு மூட்டு வலி, காலை நேர இறுக்கம், வலி நிவாரணியின் தேவை ஆகியவை குறைந்ததைக் காட்டியது. எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, முடக்குவாத நோயாளிகள் 97 பேரிடம் ஸ்காட்லாந்தில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு. தினமும் 10 கிராம் காட் மீன் ஈரல் எண்ணெய் எடுத்தவர்களில் 39 சதவீதம் பேர் வலி நிவாரணியின் அளவை 30 சதவீதத்துக்கும் மேல் குறைக்க முடிந்தது. ஒப்பீட்டுக்காகத் தரப்படும், மருந்துப் பொருள் இல்லாத வெற்று மருந்து எடுத்தவர்களில் அப்படிக் குறைக்க முடிந்தவர்கள் 10 சதவீதம் மட்டுமே. ஆண்டுக்கணக்கில் தொடரும் வலி நிவாரணி இரைப்பைப் புண், சிறுநீரகப் பாதிப்பு, இதய நோய் ஆகியவற்றுக்கு வழிவிடும் என்பதால், குறையும் ஒவ்வொரு மாத்திரையும் கணக்கில் வர வேண்டியதே.

வாங்கும்போது புட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் பாருங்கள். 1000 மில்லிகிராம் என்று எழுதிய சாதாரணக் குளிகையில் பெரும்பாலும் இபிஏ 180, டிஹெச்ஏ 120 மில்லிகிராம்தான் இருக்கும். முடக்குவாத ஆய்வுகள் பலவற்றில் பயன்பட்ட, இபிஏவும் டிஹெச்ஏவும் சேர்ந்து தினமும் 2.7 கிராம் என்ற அளவை எட்ட இவற்றில் ஒன்பது குளிகைகள் வேண்டும். எனவே செறிவூட்டிய குளிகையோ திரவ வடிவமோ நடைமுறைக்கு ஏற்றது. ஈரல் எண்ணெயில் வைட்டமின் ஏ மிகுதி என்பதால், கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும். ஆளி விதையில் உள்ள ஒமேகா 3 வேறு வகை. உடல் அதில் மிகச் சிறிதளவையே இபிஏவாக மாற்றுவதால், அதை இதற்கு இணையாகக் கொள்ள இயலாது.

மூட்டுத் தேய்மானத்தில் கதை வேறு. ஆஸ்திரேலியாவில் முழங்கால் தேய்மானம் உள்ள 202 பேரிடம் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வில், மீன் எண்ணெயைக் கூடுதல் அளவு எடுத்தவர்களைவிடக் குறைந்த அளவு எடுத்தவர்களுக்கே வலி அதிகம் தணிந்தது. அங்கேயே 262 பேருக்கு 24 வாரங்கள் கிரில் எண்ணெய் (இறால் போன்ற சிறு கடலுயிரியிலிருந்து எடுக்கும் ஒமேகா 3 எண்ணெய்) கொடுத்துப் பார்த்து 2024இல் வெளியான முடிவிலும், வெற்று மருந்தைவிட அது வலியைக் கூடுதலாகக் குறைக்கவில்லை. ஆகவே தேய்மான வலிக்காக அதிக அளவில் மீன் எண்ணெய் எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முடக்குவாதம் உள்ளவர்கள் மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்தை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது; மூட்டு எலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பது அதுவே. இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து எடுப்பவர்களும், இதயத் துடிப்பு ஒழுங்கின்மை உள்ளவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் அதிக அளவு மீன் எண்ணெயைத் தொடங்கக் கூடாது. மற்றவர்கள் முதல் மூன்று மாதம் வலி நிவாரணியையும் வழக்கம்போல் தொடர்ந்து, காலை இறுக்கம் எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறித்து வந்து, அந்த நிமிடங்கள் குறைந்த பின்னர் மருத்துவரின் ஒப்புதலோடு மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கலாம்.