ரஸ்ட், பைத்தான், ஜாவா: ஒரே ஸ்ட்ரிங் மூன்று மொழிக்குள் போய் வரும்போது

ரஸ்டில் எழுதிய உரை அலசும் லைப்ரரி ஒன்று. சர்வரில் அதைப் பைத்தான் கூப்பிடுகிறது, ஆண்ட்ராய்டு ஆப்பில் ஜாவா கூப்பிடுகிறது. இன்று பல இடங்களில் ஓடும் அமைப்பு இது. எண்களைக் கைமாற்றுவதில் பெரிய தொல்லை இல்லை, இந்தப் பக்கம் 8 பைட் என்றால் அந்தப் பக்கமும் 8 பைட். உரையைத் தாங்கும் ஸ்ட்ரிங் மட்டும் முதல் நாள் ஒழுங்காக ஓடிவிட்டுச் சில வாரம் கழித்துக் காலை வாரும். நீண்ட ஓட்டத்தில் எந்த வழி தாங்குகிறது, எது தாங்கவில்லை என்பதைப் பார்ப்போம்.

என்கோடிங் (எழுத்தைப் பைட்டாக மாற்றும் முறை) பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள். ஆனால் சர்வரைச் சாய்ப்பது பெரும்பாலும் வேறொரு கேள்வி: கொடுத்த மெமரியை யார் விடுவிப்பது? இதை முதல் நாளே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். யார் ஒதுக்கினாரோ அவரே விடுவிக்க வேண்டும். ரஸ்ட் ஒதுக்கியதைச் சி-யின் ஃப்ரீ ஃபங்ஷனிடம் கொடுத்தால், சில மெஷினில் ஒன்றும் ஆகாது, வேறொன்றில் ஹீப் (ஓட்டத்தின்போது மெமரி ஒதுக்கப்படும் பகுதி) கெட்டுப்போகும். விண்டோஸில் இரண்டு டிஎல்எல் (லைப்ரரிக் கோப்பு) வெவ்வேறு சி ரன்டைமோடு (சியின் அடிப்படை லைப்ரரி) கட்டப்பட்டிருந்தால், இரண்டு பக்கமும் சியே ஆனாலும் இதே கதிதான்.

சி லைப்ரரிகளைக் கூப்பிடப் பைத்தானோடு வரும் சிடைப்ஸில் இதற்கென்றே ஒரு பொறி இருக்கிறது. ஸ்ட்ரிங் திருப்பித் தரும் ஃபங்ஷனுக்கு ரெஸ்டைப்பாக (விடையின் வகை) ‘சி-சார்-பி’ (சி ஸ்ட்ரிங்கின் முகவரி) போடுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். போட்டால் அழகாக பைட்ஸ் கைக்கு வரும். ஆனால் சிடைப்ஸ் உள்ளடக்கத்தை நகலெடுத்துக் கொடுத்துவிட்டு, மூல முகவரியைக் கையில் தராமல் விட்டுவிடுகிறது. முகவரி இல்லாமல் எதை விடுவிப்பது? ஒரு அழைப்புக்கு 200 பைட், நொடிக்கு 100 அழைப்பு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 172 கோடியே 80 லட்சம் பைட், ஏறக்குறைய 1.7 ஜிபி ஒழுகும். பைத்தானின் மெமரிக் கண்காணிப்புக் கருவியான டிரேஸ்மாலாக் அதைக் காட்டாது, ஏனென்றால் அந்த மெமரி பைத்தான் வழியாக ஒதுக்கப்பட்டதே இல்லை. ரெஸ்டைப்பை ‘சி-வாய்ட்-பி’ (வெறும் முகவரி) என்று மாற்றி, ‘ஸ்ட்ரிங்-அட்’ கொண்டு நகலெடுத்து, பிறகு ரஸ்டின் விடுவிக்கும் ஃபங்ஷனை பிழை வந்தாலும் ஓடும் ஃபைனலி பகுதிக்குள் கூப்பிடுங்கள். ரெஸ்டைப் எதுவுமே போடாமல் விட்டால் சிடைப்ஸ் விடையை 32-பிட் எண்ணாக எடுத்துக்கொள்ளும். 64-பிட் முகவரியின் மேல் பாதி வெட்டுப்பட்டு, தொட்டவுடன் செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான முகவரியைத் தொட்ட பிழை) விழும். சத்தமாக விழுவதால் அதைக் கண்டுபிடிப்பது சுலபம்.

ஆர்க்டைப்ஸ் (அனுப்பும் மதிப்புகளின் வகை) போடாமல் ஸ்ட்ரிங் அனுப்புவது இன்னொரு தவறு. பைத்தான் 3 அதை அகல எழுத்து ஸ்ட்ரிங்காக அனுப்பும். லினக்ஸில் ஓர் எழுத்துக்கு 4 பைட். ஆங்கில வார்த்தை அனுப்பினால் மறுபக்கம் முதல் எழுத்து மட்டும் போய்ச் சேரும், ஏனென்றால் அடுத்த பைட் 0. ‘அ’ என்று அனுப்பினால் 133, 11, 0, 0 என்று நான்கு பைட் போகும். வாங்கும் பக்கம் யுடிஎஃப்-8ல் (இன்று பரவலான என்கோடிங்) எதிர்பார்ப்பதோ 224, 174, 133. முதல் எழுத்து மட்டும் வருகிறது என்று யாராவது சொன்னால் நேராக ஆர்க்டைப்ஸைத்தான் பார்க்க வேண்டும்.

நீண்ட நாள் தாங்கும் வடிவம் இதுதான்: பாயின்ட்டர் (முகவரி), நீளம், யுடிஎஃப்-8 பைட். கடைசியில் வரும் 0 பைட்டை முடிவாக நம்பும் சி வழக்கத்தை விட்டுவிடுங்கள். 64-பிட் மெஷினில் ரஸ்ட் ஸ்ட்ரிங் என்பது முகவரி, நீளம், கொள்ளளவு என்று 24 பைட், இறுதியில் 0 கிடையாது. 0இல் முடியும் சிஸ்ட்ரிங்காக மாற்றும்போது உரைக்கு நடுவே ஒரு 0 பைட் இருந்தால் பிழை திரும்பும். அதைச் சோதிக்காமல் அன்ராப் செய்து வைத்திருந்தால் பேனிக் (ரஸ்டின் அவசர நிறுத்தம்), ரஸ்ட் 1.81 முதல் சி எல்லையைத் தாண்டப் பார்க்கும் பேனிக் மொத்த ப்ராசஸையும் நிறுத்திவிடும். திருப்பித் தரும் உரையை இன்டூ-பாக்ஸ்டு-ஸ்லைஸ் கொண்டு கொள்ளளவும் நீளமும் ஒன்றாகும்படி ஆக்கிக் கொடுத்தால், விடுவிக்க முகவரியும் நீளமும் போதும். வெக்டராகவே (வளரக்கூடிய பட்டியல்) கொடுத்தால் கொள்ளளவையும் துல்லியமாகத் திருப்பித் தர வேண்டும், அதை யாராவது ஒருநாள் மறந்துவிடுவார்கள். வாங்கும் இடத்தில் பாயின்ட்டர் ‘நல்’ (எதையும் சுட்டாத வெற்று முகவரி) ஆக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நீளம் 0 ஆனாலும் நல் பாயின்ட்டரிலிருந்து ஸ்லைஸ் (முகவரியும் நீளமும் சேர்ந்த பார்வை) கட்டுவது ரஸ்டில் விதிமீறல். உள்ளே வரும் பைட்டைச் சரிபார்க்காமல் எடுக்கும் ‘அன்செக்டு’ வகையை எந்த வேகத்துக்காகவும் எல்லையில் வைக்காதீர்கள்.

பழைய சி லைப்ரரியில் 32 பைட் என்று அளவு மாறாத பஃபர் (தற்காலிக இடம்) இருந்தால் தமிழ்தான் முதலில் அடிவாங்கும். முடிவுக்கான 0 போக மீதி 31 பைட்டில், குறிக்கு 3 பைட் வீதம் நம் எழுத்துக் குறிகள் பத்துதான் கொள்ளும், மிச்சம் ஒரு பைட். அந்த இடத்தில் அடுத்த எழுத்தின் முதல் பைட்டான 224 மட்டும் ஒட்டிக்கொண்டு, பைத்தானில் டிகோட் பிழையாக வெடிக்கும். ஆங்கிலப் பெயரில் சோதித்தவருக்கு இது தெரியவே தெரியாது.

சிடைப்ஸ் வேண்டாம், ரஸ்டையும் பைத்தானையும் இணைக்கும் பைஓ3 போதும் என்பவர்களுக்கு: மேலே சொன்ன பொறிகளில் பெரும்பாலானவை போய்விடும். புதிதாகத் தொடங்கினால் அதையே எடுங்கள். ஒரு செலவை மட்டும் கணக்கில் வையுங்கள். பைத்தான் 3.3 முதல் ஸ்ட்ரிங்கில் உள்ள மிகப் பெரிய யூனிகோடு எண் கொண்ட எழுத்தைப் பொறுத்து ஒவ்வொன்றுக்கும் 1, 2 அல்லது 4 பைட் ஒதுக்குகிறது. தமிழுக்கு 2. யுடிஎஃப்-8 வடிவத்தைக் கேட்கும்போது எழுத்துக்கு 3 பைட்டாக இன்னொரு நகல் உருவாகி, அந்த ஆப்ஜெக்ட் உயிரோடு இருக்கும்வரை அதனுடனேயே தங்கிவிடும். 10 லட்சம் குறிகள் கொண்ட உரை 20 லட்சம் பைட்டிலிருந்து 50 லட்சத்துக்குப் போகும். நடுவில் ஒரே ஒரு இமோஜி இருந்தால் அடிப்படையே 40 லட்சம்.

இனி ஜாவா. ஜாவாவைப் பிற மொழிகளோடு இணைக்கும் ஜேஎன்ஐயில் ‘கெட்-ஸ்ட்ரிங்-யுடிஎஃப்-சார்ஸ்’ தருவது பெயரைப் பார்த்து நம்பும் யுடிஎஃப்-8 இல்லை, மாற்றியமைத்த யுடிஎஃப்-8. வழக்கமான தமிழ் எழுத்துகளில் இரண்டும் ஒன்றே, அதனால் சோதனை எல்லாம் பச்சை காட்டும். யூனிகோடு 12.0ல், 2019இல், சேர்ந்த தமிழ் பின்னக் குறிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 1/320ஐக் குறிக்கும் முந்திரிக் குறி முறையான யுடிஎஃப்-8ல் 240, 145, 191, 128 என்று 4 பைட். ஜேஎன்ஐ கொடுப்பது 237, 160, 135, 237, 191, 128 என்று 6 பைட். ரஸ்ட் அதைச் செல்லாது என்று தள்ளிவிடும், தள்ளுவதுதான் சரி. இந்தச் சிக்கல் பழங்கணக்கு ஓலைகளைத் தட்டச்சு செய்பவருக்கு முந்திரியில் வரும், மற்ற எல்லோருக்கும் இமோஜியில் வரும். எதிர்த்திசையில் 4 பைட் வடிவை ‘நியூ-ஸ்ட்ரிங்-யுடிஎஃப்’பில் கொடுத்தால், பழைய ஆண்ட்ராய்டு பதிப்புகளில் செக்ஜேஎன்ஐ (ஜேஎன்ஐ அழைப்புகளைச் சோதிக்கும் வசதி) இயங்கும்போது ஆப் நின்றுவிடும். ஜாவா பக்கத்திலேயே கெட்பைட்ஸ் கொண்டு யுடிஎஃப்-8 பைட் அரே ஆக்கி, அதையே அனுப்பி அதையே வாங்குவது நிம்மதி. ஒரு நகல் கூடுதல்தான், அது தகும்.

மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் ஒன்று மட்டும். வெளி லைப்ரரியைக் கூப்பிடும் பழைய டிஎல்எல்-இம்போர்ட்டின் இயல்பு ஆன்சி (விண்டோஸின் பழைய என்கோடிங்), விண்டோஸில் தமிழ் முழுவதும் கேள்விக்குறியாக வந்து நிற்கும். டாட்நெட் 7 முதல் லைப்ரரி-இம்போர்ட்டில் யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகச் சொல்லலாம்.

உரை சரியாகப் போய்ச் சேர்ந்த பிறகும் ஒரு தகராறு மிச்சம் இருக்கிறது: இடக்கணக்கு. ‘தமிழ்’ என்பதன் நீளம் ரஸ்டுக்கு 15 (பைட்), பைத்தானுக்கும் ஜாவாவுக்கும் 5 (குறி), ஸ்விஃப்ட் மொழிக்கு 3 (கண்ணுக்குத் தெரியும் எழுத்து). ‘தமிழ் மொழி’யில் ‘மொழி’ எங்கே தொடங்குகிறது என்று ரஸ்டிடம் கேட்டால் 16 என்னும். அதை அப்படியே பைத்தானில் வெட்டினால் வெற்று ஸ்ட்ரிங் கிடைக்கும், பிழைச் செய்தியும் வராது. பைத்தானுக்கு அது 6. இடத்தைப் பைட் கணக்கில் அனுப்பினால் வெட்டுவதையும் பைட்ஸிலேயே செய்துவிட்டு, பிறகு டிகோட் செய்யுங்கள்.

சோதனைக்கு இவை போதும்: வெற்று ஸ்ட்ரிங், ‘தமிழ்’, நடுவில் 0 பைட் உள்ள உரை, முந்திரிக் குறி, 224இல் அறுந்த பைட் வரிசை. கூடவே ‘கொ’வை இரண்டு விதமாக: ‘ொ’ ஒரே குறியாக 6 பைட், ‘ெ’யும் ‘ா’வுமாகப் பிரிந்து 9 பைட். இந்த இரண்டும் திரையில் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஒப்பிட்டால் சமமாகாது, எனவே எல்லையைத் தாண்டும் முன் என்எஃப்சி (பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடு வடிவம்) ஆக்கிவிடுங்கள். ஒவ்வொன்றையும் 10 லட்சம் முறை போக வர விட்டு, ப்ராசஸின் மெமரியை லட்சத்துக்கு ஒருமுறை அச்சிடுங்கள். முதல் லட்சத்துக்குப் பிறகும் அது ஏறிக்கொண்டே போனால், விடுவிக்கும் அழைப்பு ஏதோ ஒரு வழியில் விட்டுப்போயிருக்கிறது. பெரும்பாலும் அது பிழை வந்தால் பாதியில் திரும்பும் வழியாக இருக்கும்.