கக்குவான் இருமல்: எலியில் பலித்த மருந்தா, கடையில் கிடைக்கும் அசித்ரோமைசினா?

காட்பாடிப் பக்கம் எந்த மருந்துக்கடையில் நின்றாலும் "அண்ணா, புள்ளைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது, நல்லா கேக்குற சிரப்பா குடுங்க" என்று யாராவது வந்து நிற்பார்கள். கக்குவான் இருமல் என்றால் சிரப்பை விட்டுவிடலாம். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்ப்யூட்டமால், ஸ்டீராய்டு எல்லாம் சோதித்துப் பார்த்தும் இதில் உருப்படியான பலன் தெரியவில்லை. ஆடாதோடைக் கஷாயமும் கிருமியைத் தொடப்போவதில்லை.

அசித்ரோமைசின் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக், 5 நாள் மருந்து, விலையும் குறைவு. மூக்கொழுகும் ஆரம்பக் கட்டத்திலேயே கொடுத்தால் நோயின் வேகம் தணியும், ஆனால் அப்போது அதைச் சாதாரணச் சளி என்றுதான் எல்லோரும் நினைப்போம். மூச்சை இழுத்து 'ஊப்' என்று சத்தம் வந்த பிறகு கொடுத்தால் கிருமி சாகும், அடுத்தவருக்குப் பரவாது, இருமல் மட்டும் வாரக்கணக்கில் ஓடும். நெருப்பை அணைத்தாலும் சுட்ட புண் உடனே ஆறிவிடுமா? கிருமி கக்கிய நச்சு அதற்குள் தன் வேலையை முடித்திருக்கும்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் சோதித்த ஏஏஎல்-ஆர் என்ற வேதிப்பொருள் இந்த இடத்தில்தான் வருகிறது. கிருமியை விட்டுவிட்டு, உடம்பின் செல்களில் சமிக்ஞையை வாங்கும் எஸ்1பி ஏற்பிகளைப் பிடித்து நுரையீரல் அழற்சியைத் தணிக்கிறது. சீனாவில் அசித்ரோமைசின் வகைக்கு அடங்காத கிருமிகள் பெருகிவிட்ட நிலையில், கிருமியைக் கொல்வதை நம்பியிராத மருந்து என்பது எனக்குப் பெரிய ப்ளஸ்ஸாகத் தெரிகிறது.

ஆனால் எலிக்கு இந்த நோயில் மனிதர்களைப் போல இருமலே வராது. அழற்சி குறைந்தது சரி, இருமல் குறையுமா என்பதை எலியிடம் எப்படிக் கேட்பது? பபூன் குரங்குகள் இருமும், அடுத்த கேள்வியை அவற்றிடம்தான் கேட்க வேண்டும். அப்புறம், இதே வகையைச் சேர்ந்த ஃபிங்கோலிமோட் 2010 முதல் அமெரிக்காவில் நரம்பு நோய்க்குப் பயன்படுகிறது. முதல் டோஸில் இதயத் துடிப்பு குறையலாம், தொற்று வரும் வாய்ப்பும் கூடும். இரண்டு மாதக் குழந்தைக்கு இந்த வகை மருந்தை நான் அவசரப்பட்டுக் கேட்க மாட்டேன்.

அந்த வயதுக் குழந்தைக்கு 'ஊப்' சத்தமே வராமல் மூச்சு நின்று உடம்பு நீலம் பாயலாம். அப்போது மருந்துக்கடைக்கு ஓடாமல் நேராக அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்கோ வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கோ போங்கள். பிள்ளையின் வயதுக்கு ஏற்ப 6, 10, 14 வாரத் தடுப்பூசியும், ஒன்றரை வயது, 5 வயது பூஸ்டரும் போட்டாச்சா என்று டாக்டர் கேட்பார், அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் மற்றவர்களுக்கும் அசித்ரோமைசின் எழுதிக் கொடுத்தால், 'எனக்கு இருமலே இல்லையே' என்று பாட்டி தட்டிக்கழிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.